சாரம் எரிந்ததா, வலை எரிந்ததா? கட்டடத் தீயின் வெப்பக் கணக்கு

2025 நவம்பர் 26 அன்று பிற்பகல், ஹாங்காங்கின் தாய் போ பகுதியில் இருக்கும் வாங் ஃபுக் கோர்ட் குடியிருப்பில் தீப்பிடித்தது. எட்டுக் கட்டடங்கள், ஒவ்வொன்றும் 30 மாடிக்கு மேல். பழுதுபார்ப்பு வேலைக்காக எட்டையும் சுற்றி மூங்கில் சாரம் கட்டி, அதன்மேல் பச்சை வலை போர்த்தியிருந்தார்கள். ஒரு கட்டடத்தின் வெளிப்புறத்தில் கீழ்ப்பகுதியில் தொடங்கிய தீ, ஏழு கட்டடங்களைப் பிடித்தது. முழுதாக அணைக்க 40 மணி நேரத்துக்கு மேல் ஆனது. இறந்தவர்கள் 150 பேருக்கும் அதிகம்.

அன்று இரவே உலகம் முழுக்க ஒரு விவாதம் கிளம்பியது: மூங்கில்தான் காரணமா? மூங்கில் என்றால் விறகு, விறகு என்றால் எரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அடுத்தடுத்து வந்த செய்திகள் வேறு இரண்டு பொருள்களைப் பேசின. ஒன்று, சாரத்தைப் போர்த்தியிருந்த வலை. மற்றொன்று, ஜன்னல்களை மூடி ஒட்டியிருந்த நுரைப்பலகை, அதாவது நாம் தெர்மாகோல் என்று சொல்லும் பொருள். எரிந்து முடிந்த பின் வந்த படங்களில் வலை இருந்த சுவடே இல்லாத இடங்களில்கூட மூங்கில் கழிகள் கருகிய நிலையில் நின்றுகொண்டிருந்தன.

இந்த மூன்றுமே எரியக்கூடியவைதான். ஆகவே "இது எரியுமா?" என்று கேட்டால் மூன்றுக்கும் ஒரே பதில் வரும், குழப்பம் தீராது. கேட்க வேண்டியது வேறு: இவ்வளவு வெப்பம் பட்டால் இது எத்தனை நொடியில் பற்றும்? இந்தக் கேள்விக்கு மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்லும். அந்த வித்தியாசத்தில்தான் மனிதர்கள் படியிறங்கி வெளியே வருவதற்கான நேரம் இருக்கிறது.

எரிவது கட்டையா, அதன் புகையா?

விறகடுப்பு ஊதிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அடுப்பு அணைந்தது போல இருக்கும். கட்டையிலிருந்து கெட்டியான வெளுத்த புகை வந்துகொண்டே இருக்கும். ஊதாங்குழலை வைத்து ஊதினால் அடியில் கங்கு சிவக்கும். அடுத்த ஊதலில் "பக்"கென்று தீ பிடிக்கும். கவனித்துப் பார்த்தால் தீ கட்டையின்மேல் ஒட்டிக்கொண்டு தொடங்குவதில்லை. கட்டைக்கு மேலே, புகை இருந்த இடத்தில் தொடங்குகிறது.

மரம், துணி, பிளாஸ்டிக் போன்ற திடப்பொருள் எதுவும் திடமாக இருந்தபடி சுடர்விட்டு எரிவதில்லை. சூடு ஏற ஏற அதன் மூலக்கூறுகள் உடைந்து, எரியக்கூடிய ஆவியாக வெளியே வருகின்றன. இதை வெப்பச் சிதைவு என்கிறோம். அந்த ஆவி காற்றோடு போதிய அளவில் கலந்து, பக்கத்தில் ஒரு பொறியோ சுடரோ இருந்தால் பற்றும். கரி கங்காகக் கனல்வது மட்டும் வேறு வகை, அங்கே காற்று நேராகத் திடப்பொருளின் பரப்போடு வினைபுரிகிறது.

ஆக, பற்றுவதற்குத் தேவை பொருளின் மேற்பரப்பு ஒரு குறிப்பிட்ட சூட்டை எட்டுவது. பக்கத்தில் பொறி இருக்கும்போது மரத்துக்கு இது சுமார் 350 டிகிரி செல்சியஸ். பொறி எதுவும் இல்லாமல் தானாகப் பற்ற வேண்டுமானால் இன்னும் அதிகச் சூடு வேண்டும். பல பிளாஸ்டிக்குகளின் பற்றும் வெப்பநிலையும் 350 டிகிரியைச் சுற்றியே இருக்கிறது. இதைக் கேட்டுப் பலரும் வியப்படைவார்கள். பற்றும் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்று என்றால், தெர்மாகோலுக்கும் தேக்குக்கும் ஏன் இத்தனை வேறுபாடு? அந்த வெப்பநிலையை எவ்வளவு வேகமாக எட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எவ்வளவு வெப்பம் வந்து விழுகிறது?

வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் வந்து விழும் வெப்பத்தைக் கிலோவாட்டில் அளக்கிறார்கள். இதை வெப்ப வீச்சு என்று வைத்துக்கொள்வோம். சில அளவுகளை மனதில் பதித்துக்கொண்டால் தீயைப் பற்றிய செய்திகள் வேறு மாதிரி புரியும்.

1. சித்திரை மாத உச்சி வெயில்: சதுர மீட்டருக்கு சுமார் 1 கிலோவாட்.
2. மூடாத தோலால் அரை நிமிடம் போல மட்டுமே தாங்கக்கூடியது: சுமார் 2.5.
3. பக்கத்தில் பொறி இருந்தால் மரம் பற்றத் தொடங்கும் எல்லை: சுமார் 12.5.
4. ஒரு அறையின் தரையில் கிடக்கும் காகிதம் முதல் கட்டில் வரை எல்லாம் சேர்ந்து பற்றிக்கொள்ளும் கட்டம்: சுமார் 20.

நான்காவதைத் தீயணைப்புத் துறையில் ஃபிளாஷோவர் என்பார்கள். கூரைக்கு அடியில் தேங்கும் புகைப்படலம் 600 டிகிரியை நெருங்கும்போது, அது கீழ்நோக்கி வீசும் கதிர்வீச்சே அறையில் உள்ள எல்லாவற்றையும் பற்ற வைத்துவிடும். கதிர்வீச்சின் வலு, வெப்பநிலையின் நான்காம் படியாக ஏறும். 300 டிகிரியில் இருக்கும் படலம் 600 டிகிரிக்கு ஏறினால், அது வீசும் வெப்பம் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஐந்து மடங்குக்கு மேல் ஆகிறது. "நல்லாத்தான் இருந்துச்சு, ஒரே நொடியில எல்லாம் எரிஞ்சிடுச்சு" என்று தப்பி வந்தவர்கள் சொல்வது மிகையே இல்லை. நிலைமை அப்படித்தான் மாறும்.

வெப்பம் உள்ளே இறங்குகிறதா, மேலேயே தங்குகிறதா?

மார்கழி விடியற்காலையில் ஒரு எவர்சில்வர் டம்ளரையும், ஒரு மரப்பலகையையும், ஒரு தெர்மாகோல் துண்டையும் அடுத்தடுத்துத் தொட்டுப் பாருங்கள். இரவெல்லாம் ஒரே அறையில் கிடந்ததால் மூன்றின் வெப்பநிலையும் ஒன்றுதான். ஆனால் டம்ளர் சில்லென்று இருக்கும். பலகை அவ்வளவு குளிராது. தெர்மாகோல், தொட்ட மறுகணமே வெதுவெதுப்பாகத் தோன்றும்.

கையிலிருந்து போகும் வெப்பத்தை எவர்சில்வர் உள்ளே இழுத்துப் பரப்பிவிடுகிறது. மேற்பரப்பு சூடாவதே இல்லை. தெர்மாகோலில் வெப்பம் உள்ளே போக வழியில்லை. வந்ததெல்லாம் மேற்பரப்பிலேயே தங்கி, அந்த மெல்லிய அடுக்கு உடனே நம் கையின் சூட்டுக்கு வந்துவிடுகிறது. கையின் இடத்தில் ஒரு தீச்சுடரை வையுங்கள். தொட்டால் இதமாக இருந்த பொருளின் மேற்பரப்புதான் அப்போதும் எல்லாவற்றுக்கும் முன்னால் சூடேறும்.

இந்தக் குணத்தைத் தீர்மானிப்பவை மூன்று:

1. வெப்பக் கடத்துதிறன்: வெப்பத்தை எவ்வளவு விரைவாக உள்ளே கொண்டுபோகும்.
2. அடர்த்தி: ஒரு கன மீட்டரில் எத்தனை கிலோ பொருள் இருக்கிறது.
3. தன்வெப்பம்: ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும்.

மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது வெப்ப நிலைமம். தடித்த பொருள் பற்ற ஆகும் நேரம் இதற்கு நேர் விகிதத்தில் இருக்கும். வைரம் பாய்ந்த கனமான மரத்துக்கு இந்தப் பெருக்குத்தொகை சுமார் 3 லட்சம். மெத்தைக்குள் வைக்கும் பாலியூரித்தேன் நுரைக்கும் தெர்மாகோலுக்கும் சுமார் ஆயிரம்தான். 300 மடங்கு வித்தியாசம்!

கணக்குப் போட்டே பார்க்கலாம். சதுர மீட்டருக்கு 20 கிலோவாட் வெப்பம் விழுகிறது, மேற்பரப்பு 30 டிகிரியிலிருந்து 350 டிகிரிக்கு ஏற வேண்டும் என்று கொள்வோம். கனமான மரத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றே அதிகம் ஆகும். நுரைக்கு ஒரு நொடிகூட ஆகாது. இது எளிமைப்படுத்திய கணக்கு. உண்மையில் சூடான மேற்பரப்பு வெப்பத்தைத் திருப்பி வீசும், மரத்தில் உள்ள ஈரம் ஆவியாகக் கொஞ்சம் வெப்பத்தைத் தின்னும், ஆகவே மரம் இன்னும் தாமதமாகவே பற்றும். நுரை உருகிச் சுருங்கி, சுடரை விட்டுப் பின்வாங்கும். ஆனாலும் நிமிடத்துக்கும் நொடிக்கும் உள்ள இடைவெளி மாறாது.

2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு இசை விடுதியில் இதைத்தான் பார்த்தார்கள். மேடையில் கொளுத்திய வாணப்பொறி, ஒலி கசியாமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் நுரையில் பட்டது. சுமார் 90 நொடிகளில் உள்ளே உயிர் வாழ முடியாத நிலை ஏற்பட்டதாக அந்நாட்டின் தர ஆய்வு நிறுவனம் மறுகட்டமைப்புச் சோதனை செய்து சொன்னது. இறந்தவர்கள் 100 பேர். அதே சுவரில் நுரை இல்லாமல் வெறும் பலகை இருந்திருந்தால், அந்தப் பொறிகள் பட்டுக் கீழே விழுந்து அணைந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

சுள்ளியும் கட்டையும்

ஒரே மரத்தின் கிளையை ஒடித்த சுள்ளியும், அடிமரத்தைப் பிளந்த கட்டையும் ஒரே பொருள்தான். அடுப்பு மூட்டும்போது யாரும் கட்டையில் தீக்குச்சியைக் காட்டுவதில்லை. முதலில் பன்னாடையோ காய்ந்த ஓலையோ வைத்து, அதன்மேல் சுள்ளி அடுக்கி, கடைசியில்தான் கட்டையை நுழைப்பார்கள். கனத்தின் கணக்கு முழுவதும் இந்த வரிசையில் இருக்கிறது.

கட்டையில் மேற்பரப்பு சூடாகும்போது உள்ளே குளிர்ந்த மரம் இருக்கிறது. அது வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஓலையில் "உள்ளே" என்று ஒன்று கிடையாது. கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் முழுப்பொருளும் ஒன்றாகச் சூடேறும், அதுவும் இரண்டு பக்கத்திலிருந்தும். இப்படிப்பட்ட பொருள் எத்தனை நொடியில் பற்றும் என்பதைக் கனமும் எடையுமே தீர்மானிக்கின்றன. முன்சொன்ன 20 கிலோவாட் வெப்பத்தில் காய்ந்த ஓலைக்கு நான்கைந்து நொடி போதும்.

இந்த நான்கைந்து நொடிக்குத் தமிழ்நாடு கொடுத்த விலை மிகப் பெரிது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டப மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் எரிந்து, மணமகன் உட்படப் பலர் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், சத்துணவு சமைத்த அடுப்பின் தீ பள்ளியின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள்.

கும்பகோணத்தில் கூரை எரிந்ததோடு நிற்கவில்லை, எரிந்தபடியே வகுப்பறைக்குள் விழுந்தது. கீற்றின் இன்னொரு குணம் அங்கே வேலை செய்தது. பின்னிய ஓலைகளுக்கு நடுவே எங்கும் காற்று இருக்கிறது. ஓலையைக் கட்டியிருக்கும் கயிறும் ஓலையைப் போலவே மெல்லியது, சேர்ந்தே அறும். கூரை என்ற வடிவமோ, கீழிருந்து எழும் வெப்பம் முழுவதையும் ஏந்திக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கீற்று கிடந்திருந்தால் ஒரு குடம் தண்ணீரில் முடிந்திருக்கும். அதே கீற்று தலைக்கு மேலே, நூறு கீற்றோடு பின்னிக் கிடந்தது. அந்த விபத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றச் சொன்னது முழுக்க நியாயமான முடிவு. அது 94 குழந்தைகளுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

மேல்நோக்கி ஓடும் தீ

தீக்குச்சியைத் தலை மேலாகப் பிடித்தால் மெதுவாக எரியும். தலைகீழாகப் பிடித்தால் விரலைச் சுட்டுவிடும். சுடர் மேலே எழுவதால், மேலே இன்னும் எரியாத பகுதியை அது தழுவிச் சூடேற்றிக்கொண்டே போகிறது. செங்குத்தான பரப்பில் தீ ஏறும் வேகம் இதனால்தான் கூடிக்கொண்டே செல்கிறது.

இரண்டு பரப்புகளுக்கு நடுவே குறுகிய இடைவெளி இருந்தால் நிலைமை மோசமாகும். இடைவெளி புகைபோக்கி போலக் காற்றை உறிஞ்சும். இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்து வெப்பத்தை வீசிக்கொள்ளும், வெளியே வீணாவது குறையும்.

லண்டனின் கிரென்ஃபெல் டவர் இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். 2017 ஜூன் 14 அதிகாலை, நான்காவது மாடி சமையலறையில் ஃபிரிட்ஜ் பகுதியில் தொடங்கிய தீ ஜன்னல் வழியாக வெளிச்சுவரைப் பிடித்தது. சுவருக்குப் புதுப் பொலிவு தர ஒட்டியிருந்த அலுமினியத் தகடுகளின் நடுவே பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் இருந்தது. வெளிச்சுவரைப் பிடித்த தீ அரை மணி நேரத்துக்குள் 24 மாடிக் கட்டடத்தின் உச்சியை எட்டியது. 72 பேர் இறந்தார்கள். வெளியே தெரிந்தது உலோகம். ஆனால் அந்த உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும். உள்ளே இருந்த பாலிஎத்திலீன், ஒரு கிலோவுக்கு மரத்தைப் போல இரண்டரை மடங்கு வெப்பம் தரக்கூடியது. கிட்டத்தட்ட பெட்ரோலுக்குச் சமம். நம் ஊர்க் கடைத்தெருக்களில் ஏசிபி ஷீட் என்ற பெயரில் முகப்பெல்லாம் பளபளக்கும் தகடும் இதே வகைதான். நடுவில் இருப்பது வெறும் பாலிஎத்திலீனா, எரியாத தாது கலந்த வகையா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெட்டிய ஓரத்தைப் பார்த்து, தரச் சான்றைக் கேட்டு வாங்கினால்தான் தெரியும்.

மறுபடியும் தாய் போவுக்கு

இப்போது அந்த மூன்று பொருள்களையும் வரிசைப்படுத்தலாம்.

1. வலை. மெல்லிய பிளாஸ்டிக் இழை, இழைக்கு இழை காற்று. பன்னாடையை 30 மாடி உயரத்துக்கு நெய்து தொங்கவிட்டது போல. தீத்தடுப்பு மருந்து கலக்காத வலை என்றால் சில நொடிகளில் பற்றும், உருகிச் சொட்டி அடியில் இருப்பதையும் பற்ற வைக்கும். கட்டடத்துக்கும் வலைக்கும் நடுவே சாரத்தின் அகலத்துக்கு இடைவெளி வேறு.

2. நுரைப்பலகை. வேலையின்போது கண்ணாடி உடையாமலிருக்க ஜன்னல் மேல் ஒட்டியது. ஜன்னல் கண்ணாடி சீராகச் சூடானால் உடையாது. நடுப்பகுதிக்கும் சட்டத்துக்குள் மறைந்த ஓரத்துக்கும் சுமார் 80 டிகிரி வித்தியாசம் வந்தால் விரிசல் விடும். கண்ணாடியை ஒட்டியே ஒரு எரிபொருள் எரிந்தால் அந்த வித்தியாசம் வெகு சீக்கிரம் வந்துவிடும். வெளியே ஓடும் தீ வீட்டுக்குள் நுழையும் வாசல் இப்படித் திறந்தது. என் பார்வையில் மூன்றிலும் கொடியது இதுதான். வலை தீயை மேலே கொண்டுபோனது, பலகை அதை மனிதர்கள் இருந்த அறைக்குள் கொண்டுவந்தது.

3. மூங்கில். கழியின் சுவர் பல மில்லிமீட்டர் கனம், பொருளும் மரத்தின் அடர்த்திக்கு நெருக்கம். வலை எரியும் வெப்பத்தில் அதுவும் பற்றும், எரிந்த துண்டுகள் விழுந்து பக்கத்தில் தீயைப் பரப்பும். நிரபராதி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது கட்டை, சுள்ளி கிடையாது. அடுப்பை மூட்டியது அதுவாக இருப்பதற்கு வாய்ப்பு குறைவு.

நவம்பர் இறுதி அங்கே வறண்ட பருவம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆவதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும். ஈரம் இல்லாத கழிக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. எட்டுக் கட்டடங்களிலும் தீ எச்சரிக்கை மணி சரியாக இயங்கவில்லை என்று தீயணைப்புத் துறை கண்டது. நொடிக்கணக்கில் பற்றும் பொருளைச் சுற்றிக் கட்டிவிட்டு, மணியும் அடிக்காவிட்டால், உள்ளே இருப்பவருக்குத் தெரியவரும்போது படிக்கட்டில் புகை நிறைந்திருக்கும்.

"தீத்தடுப்பு" என்ற முத்திரை

தீத்தடுப்பு வலை என்றால் எரியவே எரியாத வலை என்று பொருள் இல்லை. சிறு பொறியோ சுடரோ பட்டால் பற்றாது, பற்றினாலும் சுடரை எடுத்ததும் தானே அணையும். அவ்வளவுதான் அதன் வாக்குறுதி. பக்கத்தில் பெருந்தீ எரியும்போது அதுவும் தாங்காது. ஆனால் தீயின் தொடக்கத்துக்கு இந்தச் சிறு வாக்குறுதியே போதும். முதல் பொறி பற்றாமல் போனால் இரண்டாம் கட்டமே இல்லை.

வாங் ஃபுக் கோர்ட்டில் பின்னர் எடுத்த 20 வலை மாதிரிகளில் 7 அந்தத் தரத்தில் தேறவில்லை என்று ஹாங்காங் அரசு அறிவித்தது. ஆய்வாளர் கைக்கு எட்டும் கீழ்மட்டத்தில் தரமான வலையும், எட்டாத உயரத்தில் மலிவு வலையும் கட்டப்பட்டன என்பது விசாரணை அமைப்பின் குற்றச்சாட்டு.

மூங்கிலை விட்டு உலோகச் சாரத்துக்கு மாறுவது நல்லதுதான். இரும்பு பற்றாது. ஆனால் 550 டிகிரியைத் தாண்டினால் அதன் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். கம்பியை நம்பிக் கட்டிய கான்கிரீட்டும் நெடுநேரத் தீயில் நிற்காது. 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் தீப்பிடித்த ஜவுளிக்கடைக் கட்டடத்தின் ஒரு பகுதி, மறுநாள் அதிகாலையில் சரிந்து விழுந்ததை நேரலையில் பார்த்தோம். உள்ளே அடுக்கியிருந்த துணி எரிந்துகொண்டே இருந்த வரை வெளியே எத்தனை கான்கிரீட் இருந்தும் பயனில்லை. இரும்புச் சாரத்தின்மேல் அதே மலிவு வலையைப் போர்த்தினாலும் கதை இதுதான்.

டிசம்பர் தொடக்கத்தில் ஹாங்காங் அரசு, பெரிய பழுதுபார்ப்பு நடக்கும் கட்டடங்களில் சாரத்தைப் போர்த்தியிருந்த வலைகளை உடனே கழற்றச் சொல்லி உத்தரவிட்டது. நகரம் முழுவதும் ஆட்கள் சாரத்தில் ஏறி, பச்சை வலையை அறுத்து இறக்கினார்கள். மூங்கில் கழிகள் அப்படியே நின்றன.